தலை கட்டாத கோவா

1978ஆம் ஆண்டு. ஹட்டன் பக்கத்துத் தேயிலை மலை ஒன்றில் எங்கள் லயத்துக்குப் பின்னால், பீலிக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் நடுவே நாலைந்து பாத்திகள் இருந்தன. அப்பாவுக்குப் பங்களாவில் பூந்தோட்ட வேலை. அங்கே நட்டு மிஞ்சிய நாற்றுகளை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வருவார். என்ன பெயர் என்று அவருக்கும் தெரியாது. இலையைப் பார்த்தால் கோவா மாதிரி இருந்தது; கோவா என்றே நட்டோம்.

அம்மா மலைக்குப் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்ப்பார். இலை மடங்கவில்லை, தலை கட்டவில்லை. நடுவில் பச்சை மொட்டுகள் கொத்தாகத் திரண்டன. சில நாளில் மஞ்சளாகப் பூத்துவிட்டன.

"இந்தக் கோவா கெட்டுப் போச்சுங்க. மாட்டுக்கு அறுத்துப் போடுங்க" என்றார். அப்பா அறுத்துப் போட்டார்.

அது புரோக்கோலி. மொட்டு விரியும் முன்னே அந்தக் கொத்தை அறுத்திருக்க வேண்டும். அறுத்த தண்டின் பக்கங்களில் சின்னக் கொத்துகள் மறுபடி வரும் என்பதும் எனக்குத் தெரிய இருபது வருடம் ஆனது.

அடுத்த போகத்தில் செடிகள் வெயில் ஏறியதும் வாடின. பிடுங்கினால் வேரெல்லாம் விரல் விரலாக வீங்கிக் கிடந்தது. தேயிலைக்குப் புளித்த மண்தான் பிடிக்கும். கோவா இனத்தின் வேரை வீங்க வைக்கும் நோய்க்கும் அதே மண்தான் வசதி. கவ்வாத்து வெட்டிய மலைக்குப் போட டொலமைட் மூட்டைகள் வந்து இறங்கும். மண்ணின் புளிப்பைக் குறைக்கும் மாவு அது. கண்ணெதிரே கிடந்தாலும் அது தேயிலைக்கு உரியது. அப்பா ஒரு பிடிகூடத் தொட்டதில்லை.

மூன்றாம் போகம் வரவில்லை. பாத்தி இருந்த துண்டு தோட்டத்துக்குச் சொந்தம், தேயிலை நட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். முழுக்காயாகப் புதைத்தாலே முளைத்துவிடும் சௌசௌக் கொடியும், ஓடையோரத்து மரத்தக்காளியும் மட்டும் மிஞ்சின. சௌசௌ ஏழைக் கறி என்று பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டைத் திறக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்காக இன்றைக்கும் வருந்துகிறேன். ஓசியில் பறித்துத் தின்ற அந்த மரத்தக்காளிக்கு 1967இலேயே நியூசிலாந்துக்காரர்கள் தமரில்லோ என்று பெயர் வைத்து, வெளிநாட்டுச் சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது தங்கைக்கு ஏழு பேர்ச்சில் தனி வீடு. ஏழு பேர்ச் என்பது 1,900 சதுர அடி. வீடு 550 அடி போக மீதி மண். விதைப் பைக்கற்றை எந்த டவுன் கடையிலும் வாங்கலாம். மூன்று வருடமாக இருவரும் சேர்ந்து நட்டுப் பார்க்கிறோம். டொலமைட் போட்ட பாத்தியில் புரோக்கோலி வேர் வீங்கவில்லை. கொத்து சின்னதுதான், ஆனால் பக்கக் கொத்து ஒரு மாதம் வரை கறிக்கு வந்தது. ஊதா நோக்கோல் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. உரித்தால் உள்ளே வெள்ளைதான், ருசியும் பச்சை நோக்கோலின் ருசியே. மஞ்சள் சுக்கினி மே மாதத்துக்குப் பிறகு சரிப்படாது. விடாத மழையில் தேனீ வராது. பெண் பூ பிஞ்சிலேயே அழுகிவிடும். விடியற்காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவிய செடிகளில் மட்டும் காய் நின்றது. ஹட்டன் பக்கத்தில் இருப்பவர்கள் சுக்கினியை ஜனவரியில் நடலாம். நுவரெலியாவில் அந்த மாதம் உறைபனி விழும், அங்கே சரிவராது.

வேலியில் சௌசௌவும் இருக்கிறது. 2022இல் அரிசியும் காஸும் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றபோது, தங்கை வீட்டில் பல நாள் கறி அதன் காயும் கொழுந்தும்தான். தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்து, வேலியில் சௌசௌக் கொழுந்தைக் கிள்ளி வறுப்பாள். அக்கம்பக்கத்து லயங்களிலிருந்தும் கேட்டு வந்தார்கள். அவர்களுக்கு நட இடமில்லை.

அப்பாவுக்குக் கை இருந்தது, ஆர்வம் இருந்தது, நாற்றும் கிடைத்தது. மண் மட்டும் அவருடையதாக இல்லை. மலையகத்துக்கு வீட்டுத் திட்டம் வரைபவர்களிடம் கேட்கிறேன்: சுவரையும் கூரையையும் அளப்பதுபோல் பாத்திக்கும் இடம் அளந்து, அதையும் உறுதியில் எழுதிக் கொடுங்கள்.