லைசென்ஸ் எடுத்தது நீ, மாடு இல்லை

வான் வாங்கினாய், சந்தோசம். பத்திரகாளி அம்பாள் கோயில் வாசலில நிப்பாட்டிப் பூசை போட்டாய். ஐயர் கண்ணாடியில சந்தனம் வைச்சார், நாலு சில்லுக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைச்சு நசிச்சுக்கொண்டு புறப்பட்டாய். சனம் பார்த்துக்கொண்டு நிண்டுது. நானும்தான் நிண்டன். ஆனா ஒண்டு, மருமகனே. எலுமிச்சம்பழம் குறுக்க ஓடாது. வைச்ச இடத்தில இருக்கும், எவனும் நசிக்கலாம். இனி நீ போகப்போற றோட்டில குறுக்க வாறதெல்லாம் காலும் வாலும் உள்ளது.

உன்ர ஹோர்ன் சத்தம் உப்புவெளியில அடிச்சா கோணேசர் மலையில கேக்குது. நல்ல ஹோர்ன். றோட்டில படுத்திருக்கிற மாடு அதைக் கேட்டதும் பதறி எழும்பி, சாரத்தை உதறிக் கட்டி, ‘தம்பி, மன்னிச்சுக்கொள்ளும், உங்கட வழியில படுத்திட்டன்’ எண்டு சொல்லி ஓரம் போகும் எண்டு நினைக்கிறாய் போல. மாடு அப்பிடி வளரேல்லை. அசை போட்டுக்கொண்டே உன்னைப் பார்க்கும். நீ திரும்ப அடிப்பாய். அது திரும்பப் பார்க்கும். கடைசியில சுத்திப்போறது நீதான்.

இந்தத் திருகோணமலை மாவட்டத்தில றோட்டைக் கடக்கிற சீவன் எத்தினை எண்டு பார். மாடு, எருமை, நாய், மான், குரங்கு, மயில், கீரி, உடும்பு, யானை. அவ்வளவுக்குள்ளயும் எழுத்துச் சோதினை எழுதி, கண் சோதிச்சு, லைசென்ஸ் எடுத்தது நீ ஒராள்தான். சட்டம் தெரிஞ்சவன் நீயெண்டா விட்டுக்குடுக்கிறதும் நீதானே? எருமையிட்டப் போய் வீதி ஒழுங்கு கேக்கிறவனை நான் என்னெண்டு சொல்லுறது!

மாடு ஏன் றோட்டில படுக்குது எண்டு ஒருநாளாவது யோசிச்சனியே? மடைத்தனம் எண்டுதான் நீ சொல்லுவாய். ஐப்பசி பிறந்து பெரும்போகம் விதைக்கத் தொடங்கினா தம்பலகாமத்தில, கிண்ணியாவில, மூதூரில மாடு வயலுக்குள்ள இறங்கேலாது. முந்தி அந்த நாளையில பட்டியைச் சாய்ச்சுக்கொண்டு காட்டோர மேய்ச்சல்தரைக்குப் போவினம். இப்ப மேய்ச்சல்தரை எங்க? கனக்க இடம் வேலி. மாரி மழை வேற. புல்லெல்லாம் ஈரம், நுளம்பு பிடுங்குது. தார் றோட்டோ பகல் வெயிலைக் குடிச்சு வைச்சிருக்கு, இரவில இளஞ்சூடு. மேடான இடம், தண்ணி நிக்காது, காத்து வரும், வாகனம் போகப் போக நுளம்பும் கலையும். இவ்வளவும் யோசிச்சுத்தான் மாடு படுக்குது. காபட் போட்டது எங்களுக்கெண்டு நாங்கள் நினைக்கிறம். தனக்கெண்டு அது நினைக்குது.

இதில இன்னொரு அதிசயம் இருக்கு. றோட்டில உயிரோட நிக்கிற மாட்டுக்கு ஊரில ஒரு சொந்தக்காரரும் இல்லை. கட்டாக்காலி. சபைக்காரர் பிடிச்சுக் கட்டி, தண்டம் கட்டிக் கொண்டுபோங்கோ எண்டு அறிவிச்சாலும் ஒருத்தருக்கும் காது கேக்காது. அதே மாட்டில உன்ர வான் முட்டட்டும், அடுத்த அஞ்சு நிமிசத்தில சொந்தக்காரர் வந்து நிப்பார். அவரோட மச்சானும் வருவார், சாட்சிக்கு. அப்பதான் உனக்குத் தெரியவரும், அது சாதாரண மாடில்லை, நாலாம் கண்டுத்தாச்சி, காலமை ஒருக்கா பின்னேரம் ஒருக்கா வாளி நிறையக் கறக்கிற மாடு. பிட்டத்தில சுட்ட குறி தெளிவாத் தெரியும். நேற்றுவரைக்கும் அந்தக் குறியை வாசிக்க ஊரில ஆளில்லை.

வழக்கெண்ட உடன ஞாபகம் வருது. மாட்டை அடிச்ச சாரதிக்கு இந்தத் தீவில முதல் நடந்த விசாரணை எது தெரியுமோ? மனுநீதிச் சோழன் கதையைத் திருவாரூர்க் கதை எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பாய். மகாவம்சத்தில அதே கதை எங்கட எல்லாளன் பேரில இருக்கு. அனுராதபுரத்தில நாப்பத்தினாலு வருசம் ஆண்ட தமிழ் ராசா. அவற்ற ஒரே மகன் திசாவாவிக்குத் தேரில போகேக்க, தாய்ப்பசுவோட படுத்துக்கிடந்த கண்டு சில்லில அகப்பட்டுச் செத்துப்போச்சு. பசு வந்து ஆராய்ச்சி மணியை இழுத்துது. ராசா என்ன செய்தார்? அதே சில்லால மகன்ர தலையை எடுத்தார். ஹொரவப்பொத்தானை றோட்டைப் பிடிச்சு நேர விட்டா அந்த ஊருக்குத்தான் போவாய். கண்டு படுத்திருந்தது, தேர் ஓடினது. ‘கண்டு ஏன் அங்க படுத்தது’ எண்டு ராசா கேக்கேல்லை, பார். இண்டைக்குப் பொலிஸ் உன்னட்டத் தலை கேக்காது. காலம் எவ்வளவோ திருந்திப்போச்சு. பம்பருக்கும் றேடியேற்றருக்கும் உள்ள காசை நீயே கட்டினாச் சரி.

சரி, இனிக் கொஞ்சம் கணக்கு. உனக்குக் கணக்கெண்டா வயித்துக்குத்து எண்டு தெரியும், எண்டாலும் கேள். மணிக்கு 70 கிலோமீற்றரில போனா வான் ஒரு செக்கனுக்கு 19 மீற்றருக்கு மேல போகுது. இருட்டில ஒரு கறுத்த உருவத்தைக் கண்டு, அது மாடுதான் எண்டு மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போக ஒண்டரைச் செக்கன் போகும். அதுக்குள்ள 29 மீற்றர் போயிடும். பிரேக் பிடிச்சு, காய்ஞ்ச றோட்டில, நல்ல ரயரில, நிக்கிறதுக்கு இன்னும் கிட்டத்தட்ட 28 மீற்றர். எல்லாமா 57. முன்னால வாகனம் வருகுதெண்டு நீ வெளிச்சத்தைத் தாழ்த்தினா உனக்குத் தெரியிறது ஒரு 40 மீற்றர். 57இல 40 போனா மிச்சம் 17. அந்தப் பதினேழு மீற்றருக்குள்ளதான் மாடு படுத்திருக்குது. இதையே 40இல ஓட்டிப் பார். யோசிக்க 17 மீற்றர், நிக்க 9 மீற்றர். மாட்டுக்கு முன்னால நிண்டு அதின்ர குறியை வாசிக்கலாம். வேகம் இரட்டிச்சா பிரேக் தூரம் நாலு மடங்கு. மழையெண்டா இன்னும் கூட.

உட்துறைமுகத்துக்குள்ள கப்பல் வாறதைச் சின்னனில இருந்து பார்க்கிறாய். கப்பித்தான் ஜெற்றிக்குக் கிட்ட வந்தபிறகா வேகத்தைக் குறைக்கிறார்? மாடு தெரிஞ்ச பிறகு செய்யிற கெட்டித்தனமெல்லாம் பிந்தின கெட்டித்தனம்.

அதைவிட ஒரு பெரிய கெட்டித்தனம் இருக்கு. குறுக்க ஒண்டு வந்த உடன ஸ்டியறிங்கை வெட்டுறது. சினிமாவில பார்த்திருப்பாய், கதாநாயகன் வெட்டுவான். அவனுக்கு மற்றப் பக்கத்தால பஸ் வராது, மதகு இருக்காது, மின்கம்பம் இருக்காது, படப்பிடிப்புக்காரர் எல்லாத்தையும் ஒதுக்கி வைச்சிருப்பினம். உனக்கு ஆர் ஒதுக்குறது? நேரா வைச்சுப் பிரேக்கைப் பிடி. அதுதான் முழு வித்தை. கீரிக்கும் உடும்புக்கும் பாவம் பார்த்து ஏழு பேரோட மதகுக்குள்ள பாயாதே. பாவம் பார்க்கிறதெண்டா முதலே மெதுவாப் போய்ப் பார். பின்னால எவன் ஒட்டிக்கொண்டு வாறான் எண்டு கண்ணாடியில ஒரு கண் எப்பவும் இருக்கட்டும். மோட்டார் சைக்கிளில போறாயெண்டா நாயைக் கண்ட இடத்திலேயே வேகத்தைக் குறை. நாய் பாதி தூரம் போய், எதையோ மறந்திட்டம் எண்டு திரும்பி வாற சாதி.

நிக்கிற மாட்டைக் கடக்கிறதெண்டா வால் பக்கத்தால போ. தலைப் பக்கம் போனா அதுவும் அதே பக்கம் நடக்கும். தாய் கடந்திட்டுது எண்டு மிதிக்காதே, கண்டு பின்னால வரும்.

மானுக்கும் இதே கதை, ஆனா மான் நாகரிகமான ஆக்கள், ரவுணுக்குள்ளதான் இருப்பினம். பிரெட்ரிக் கோட்டையை 1624இல போர்த்துக்கேயன் கட்டினான். பிறகு ஒல்லாந்தன், பிரெஞ்சுக்காரன், இங்கிலீசுக்காரன் எண்டு கைமாறினது. பேர் வைச்சது இங்கிலீசுக்காரன், 1803இல. பிடிச்சவன் எல்லாரும் கப்பலேறிப் போயிட்டான். இண்டைக்குக் கோட்டை வாசலில படுத்திருக்கிறது புள்ளிமான். கோணேசர் கோயிலுக்கு வாற சனம் வாழைப்பழத் தோலில இருந்து பொலித்தீன் பை வரைக்கும் குடுத்துப் பழக்கி, இப்ப அதுகள் கடற்கரைக்கும் கடைத்தெருவுக்கும் குப்பை கிளற வருகுதுகள். காடு எந்தப் பக்கம் எண்டு கேட்டா மானுக்குத் தெரியாது, ஆனா எந்தக் கடையில மரக்கறி வெட்டினது கொட்டுவினம் எண்டு தெரியும். ஒண்டு கடந்தா அடுத்தது வரும் எண்டு வைச்சுக்கொள். முதலாவதுக்கு நிண்டிட்டு மூண்டாவதை அடிக்கிற ஆக்கள்தான் கனக்க.

இனி யானை. இதுக்குக் கொஞ்சம் நிமிர்ந்து இரு.

சீனக்குடா மா ஆலையில மா ஏத்திக்கொண்டு ஹபரணைக் காட்டால லொறி ஓடின ஆள் நான். கந்தளாய் தாண்டி அக்போபுர, கல்லோயா எண்டு போற அந்தத் துண்டில இரண்டு பக்கமும் அவையின்ர காணி. நாங்கள் நடுவில ஒரு கறுப்புக் கோடு கீறிப்போட்டு எங்கட றோட்டு எண்டுறம். 2011இல கணக்கெடுத்த நேரம் நாடு முழுக்க 5,879 யானை. 2023 ஒரு வருசத்தில மட்டும் செத்தது 400க்கு மேல. வெடி, மின்சாரக் கம்பி, பூசணிக்காய்க்குள்ள வைக்கிற வாய்வெடி, ரயில். மனிசரும் நூற்றுக்கு மேல ஒவ்வொரு வருசமும் போகினம். அதால யானைக்கு எங்களில நல்ல அபிப்பிராயம் இல்லை. நியாயம்தான்.

ஆனபடியால் யானையைக் கண்டா நீ வழக்கமாச் செய்யிற எதையும் செய்யாதே. ஹோர்ன் அடிக்காதே. பெரிய வெளிச்சத்தை முகத்தில பாய்ச்சாதே. கதவைத் திறந்து இறங்கி முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்காதே. படத்தில யானை நல்லா விழும், நீயும் விழுவாய். தூரத்திலேயே நில், வெளிச்சத்தைத் தாழ்த்து, எஞ்சினை உறுமவிடாதே, ஆக்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லு. கடந்து போக வழி விடு. போனபிறகும் கொஞ்சம் பொறு, பத்தைக்குள்ள குட்டியோட இன்னொண்டு நிக்கலாம். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில வானை விட்டவன் பிறகு வானைப் பற்றிக் கவலைப்படுறேல்லை. காதை விரிச்சு, தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்தா றிவேர்ஸ் போட்டு நிதானமாப் பின்னால போ. ரோசம் பார்க்காதே. அது நாலைஞ்சு தொன், உன்ர வான் ரண்டு தொன்னும் வராது. இருட்டில அதின்ர தோலில வெளிச்சம் பட்டுத் திரும்பாது, கண்ணோ உன்ர வெளிச்சத்துக்கு மேல நிக்கும். நாலு மரக்குத்தி நிக்குது எண்டு நீ நினைப்பாய்.

வாழைப்பழம் குடுக்கிற புண்ணியவான்களுக்கும் ஒரு கும்பிடு. புத்தல-கதிர்காமம் றோட்டில அப்பிடிக் குடுத்துக் குடுத்துத்தான் யானை வாகனம் மறிக்கப் பழகினது. இப்ப கண்ணாடிக்குள்ளால தும்பிக்கையை விட்டுத் தேடுது. பழம் இல்லாட்டி பையை எடுக்கும். கப்பம் வாங்கப் பழக்கிப்போட்டு, கப்பம் கேக்குது எண்டு முறைப்பாடு வேற.

‘மாமா, என்னால நிப்பாட்டேலாமல் போச்சு’ எண்டு மட்டும் வந்து சொல்லாதே. அதைச் சொல்ல உரிமை உள்ளது ரயில் சாரதிக்கு. 2025 பெப்ரவரியில ஹபரணைக்குக் கிட்ட விடியுமுன்னம் மட்டக்களப்புப் பாதையில ஓடின பயணிகள் ரயில் ஒரு கூட்டத்தில மோதி ஆறு யானை செத்தது. பெட்டிகள் தண்டவாளத்தை விட்டு இறங்கினது, சனத்துக்கு ஒண்டும் ஆகேல்லை எண்டது பெரிய விசயம். தண்டவாளத்தில ஓடுறவனால விலத்தேலாது, பிரேக் பிடிச்சாலும் உடன நிக்காது. ரயிலையே இரவில அந்தத் துண்டில மெதுவா விடுங்கோ எண்டு நாட்டில கதைக்கினம். உனக்கு ஸ்டியறிங்கும் இருக்கு, நல்ல பிரேக்கும் இருக்கு, றிவேர்சும் இருக்கு. இல்லாதது பொறுமைதான், அது வானோட சேர்த்து விக்கிறதில்லை.

எல்லாம் கவனமா ஓடியும் ஒண்டு அடிபட்டுப்போச்சு எண்டு வை. ஓடாதே. ஓரமா நிப்பாட்டி நாலு பக்கச் சிக்னலையும் போட்டு, பின்னால வாறவனை மறி. ஆக்களுக்குக் காயமெண்டா 1990க்கு அடி, அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். 119 பொலிஸ். காயப்பட்ட மாட்டுக்குக் கிட்டப் போய்த் தடவாதே, கொம்புக்கு உன்ர இரக்கம் தெரியாது. மான் எண்டா இன்னொரு சோதினை வரும். ஆரோ ஒரு நல்ல மனிசன் மெல்லக் கிட்ட வந்து, ‘தம்பி, சும்மா ஏன் வீணாப்போக விடுறது, பின் கதவைத் திறவும்’ எண்டுவார். திறவாதே. 1937இல இருந்து இருக்கிற வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில மான் இறைச்சி வைச்சிருக்கிறதே குற்றம். கறி ஒருநாள், வழக்குத் தவணை எத்தினை வருசமோ. கறி தின்ன வந்தவர் தவணைக்கு வரமாட்டார்.

பட்டிக்காரருக்கும் சொல்ல இருக்கு, ஆனா அவையள் கோவிப்பினம், கொஞ்சப்பேர் எங்கட சொந்தம். விளக்கு வைக்கிற நேரம் மாட்டைச் சாய்ச்சுக் கொண்டுவந்து பட்டியில அடையுங்கோ. ஏலாதெண்டா வெளிச்சம் பட்டா மினுங்கிற பட்டி ஒண்டையாவது கழுத்தில கட்டுங்கோ. செத்தபிறகு வந்து கேக்கிற விலையோட பார்த்தா அது ஒரு காசே இல்லை.

நாளைக்குக் கந்தளாய்க்கு ஓட்டம் எண்டு கேள்விப்பட்டன். வெளிச்சத்தோட போய் வெளிச்சத்தோட வா. பொழுதுபட்டா நாப்பதுக்கு மேல மிதிக்கேலாது, அதுக்கு விருப்பமில்லாட்டி அங்கேயே தங்கிட்டு விடிய வா. உன்ர மாமியிட்டச் சொல்லிப்போட்டன்: இண்டையில இருந்து, நீ ஊரில நிக்கிற நாளில, இரவு எட்டு மணிக்கு வான் திறப்பு அவவின்ர கையில இருக்கவேணும்.