விலைபோகாதவர்கள் ஊர்

செம்பரம்பாக்கத்தில் இரண்டு சங்கதி பிரசித்தம். ஒன்று ஏரி, இன்னொன்று பிக்பாஸ் வீடு. ஏரியின் ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. பிக்பாஸ் வீட்டின் கொள்ளளவு அதைவிடப் பெரிது. 100 நாளைக்குத் தமிழ்நாட்டின் மொத்த ஒழுக்கமும் அதற்குள்தான் தேங்கி நிற்கும்.

ஈவிபி பிலிம் சிட்டிக்குள் இருக்கும் அந்த வீட்டுக்கு 2021 அக்டோபரில் ராயபுரத்து இசைவாணி போனார். ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் மேடையில் கானா பாடியவர், 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். கானாக்காரர் யார் டிவிக்குள் கால் வைத்தாலும் டீக்கடையில் ஒரு தீர்ப்பு சூடாகத் தயாராக இருக்கும்: “அவ்ளோதாம்ப்பா, வெலபோயிட்டாங்க.” தீர்ப்பு சொன்னவர் டீக்குக் கடன் சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. அமெரிக்காவில் ஸ்கேட்போர்டு ஓட்டி வளர்ந்த டோனி ஹாக் பெயரில் 1999இல் வீடியோ கேம் வந்து காசு கொட்டியது. ‘வித்துட்டான்’ என்று அங்கேயும் முணுமுணுத்தார்கள். 2021இல் டோக்கியோவில் அதே பலகைக்கு ஒலிம்பிக் பதக்கம் கொடுத்தபோது மட்டும் அது தேசத்தின் பெருமை ஆகிவிட்டது. நசரத்பேட்டை சர்வீஸ் ரோட்டில் ஸ்கேட்போர்டு விட்டால் பதக்கம் கிடைக்காது, மாவுக்கட்டுதான் கிடைக்கும். ஆகவே நம்மவர்கள் கானாவை மட்டும் கண்காணிக்கிறார்கள்.

கானா விற்கப்படாமல் ‘சுத்தமாக’ இருந்த இடத்தை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். சாவு வீடு. ஐஸ் பெட்டிக்கு நாலடி தள்ளிப் பாய் விரித்து ஆறு பேர். டோலக் அடிக்கிற பையனின் இரண்டு விரலில் பிளாஸ்திரி. செத்தவரின் பெயர், பழகிய தெரு, பிடித்த பிரியாணிக்கடை எல்லாவற்றையும் கேட்டு வாங்கி அங்கேயே பாட்டாகக் கோத்து விடிய விடியப் பாடினார்கள். விடிந்ததும் கவர் வந்தது. பேசியதில் பாதி. பாடகர் தயங்கி, “அண்ணே, பேசுனது வேறண்ணே” என்றார். “சாவு வூட்ல வந்து பேரம் பேசுறியே, மனுசனாடா நீ?” என்றார் பந்தல்காலில் சாய்ந்திருந்த பெரியவர். ஆறு பேரும் தலைகுனிந்து போனார்கள். கலை அன்றைக்கு விலைபோகவில்லை. சத்தியமாகப் போகவில்லை.

மார்கழியில் சபாவுக்குப் போங்கள். தம்பூராவுக்குப் பின்னால் வங்கி பேனர், மிருதங்கத்துக்குப் பக்கத்தில் பட்டுக்கடை பேனர். அதற்குப் பெயர் விலைபோவதா? சீச்சீ, புரவலர் ஆதரவு! சாவு வீட்டிலிருந்து கிளம்பிய கானா விளம்பரத்துக்குப் போனால்தான் துரோகம். வங்கிக் காசு மயிலாப்பூரில் சந்தனம், காசிமேட்டில் சாக்கடை.

விற்பதைப் பற்றிப் பேசினால் ஏரியைப் பற்றியும் பேச வேண்டும். சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் ஏரியின் பெயரைச் சொல்லி ‘லேக் வியூ’ மனை கூவுகிறவரை இந்த ஊரில் யாரும் விலைபோனவர் என்பதில்லை. அவருக்குப் புரமோட்டர் என்று பெயர், காதுகுத்துக்கு முதல் பத்திரிகை. 2015 டிசம்பர் 1 அன்று ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். ஆற்றின் இடத்தை யார் யாருக்கு விற்றிருந்தார்கள் என்று அடையாறு வீடு வீடாக நுழைந்து விசாரித்துவிட்டுப் போனது. அப்போதுகூட டீக்கடை நீதிபதிகள் வாய் திறக்கவில்லை. ஒரு பாட்டுக்காரி டிவியில் தெரிந்தால் போதும், ஊரின் மானம் போய்விடும்.

சரி, விற்றவர்களாவது சம்பாதித்தார்களா? 2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. பாடகர் அறிவும் பாடகி தீயும் பாடியது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் நினைவு அந்தப் பாட்டில் இருக்கிறது. யூடியூபில் 40 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார்: அந்தப் பாட்டால் எங்களுக்கு ஒரு பைசா வருமானம் இல்லை. உலகமே ஆடிய பாட்டின் கல்லாப்பெட்டி இப்படி. தோட்டத்தில் பாட்டிக்கு நடந்த கணக்குத்தான் பேரனுக்கும்.

ஆகவே, தூய்மைக் காவலர்களே, நான் கேட்பது ஒன்றுதான். கானாக்காரர் எவ்வளவுக்குப் போனார் என்று கேட்கும் முன், நீங்கள் அவருக்கு இதுவரை எவ்வளவு கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். காசு கொடுக்காதவனுக்கு விலையைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை? அடுத்த சாவுக்கு அதே ஆறு பேரும் வருவார்கள். பேசிய தொகையை முழுசாகக் கவரில் வையுங்கள். டீக்கடைக் கடனையும் அடைத்துவிடுங்கள். தீர்ப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.