பகுதிநேரத் தொழிலாளி, முழுநேரப் பாடகர்

பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில், ஜார்ஜ் டவுன் நகர மையத்திற்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கும் இடையில் அமைந்த கெலுகோர் வட்டாரத்தில், திருமண விருந்தாயினும் கோவில் திருவிழாவாயினும், ஒலிவாங்கி எங்கே நிறுத்தப்படுகிறதோ அங்கே அழையாமலே வந்து சேரும் மனித வகை ஒன்று உண்டு. அதுவே மேடைப் பாடகர். பணம் வேண்டாமென்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. தருவதாக எவரும் சொன்னதுமில்லை.

டி. எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கு ஒரு விதமாகவும் சிவாஜிக்கு வேறு விதமாகவும் குரலை மாற்றிப் பாடினார் என்பது திரையிசை வரலாறு. கெலுகோர்ப் பாடகரோ இருவருக்கும் ஒரே குரலை வழங்கி, வேறுபாட்டைக் கண்ணாடியிடம் ஒப்படைக்கிறார்: கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தால் எம்.ஜி.ஆர்., கழற்றிவிட்டால் சிவாஜி.

இவ்வகையினரின் பிழைப்பைத் தீவின் பொருளாதாரமே வகுத்தது. சுங்கவரியற்ற துறைமுகம் என்னும் தகுதியை 1969இல் இழந்து வேலையின்மையில் தவித்த பினாங்கு, ஏற்றுமதிக்கென உற்பத்தி செய்யும் ஆலைகளுக்கு வரிச்சலுகை தரும் தடையற்ற வணிக வளாகத்தை 1972இல் பாயான் லெப்பாசில் தொடங்கியபோது, துறைமுகத் தொழிலாளியின் மகன் மின்னணு ஆலையின் ஷிப்டுக்குள் நுழைந்தார். திருவிழா நாள்களில் அவருக்குக் காலையிலேயே கடுமையான தொண்டைவலி கண்டுவிடும், எம்.சி. எனப்படும் நோய்விடுப்புச் சான்று கையில் கிடைத்ததும் தணியத் தொடங்கும் அவ்வலி, மாலை ஏழு மணிக்குள் உச்சஸ்தாயியைத் தொடும் அளவிற்குக் குணமாகிவிடும்.

ஆலை ஆட்களைக் குறைத்தபோது கிராப் வாடகைக் கார் ஓட்டத் தொடங்கியவர்கள், அதுவரை வாய்க்காத பேறு ஒன்றைப் பெற்றனர். 1985இல் திறக்கப்பட்டு, கெலுகோரிலிருந்து பெருநிலத்தின் பிறைக்குச் செல்லும் 13.5 கிலோமீட்டர் நீளப் பாலத்தில், நெரிசல் எவ்வளவு நீடித்தாலும் பயணி இறங்கி ஓட வழியில்லை. பயணத்தின் முடிவில் அவர் இடும் நட்சத்திரங்கள் ஓட்டுதலுக்கா பாட்டுக்கா என்னும் ஐயம் ஓட்டுநருக்கு எழுவதில்லை. நட்சத்திரம் குறைந்தால் மட்டும் அது ஓட்டுதலுக்குரியது.

நாட்டு நடப்பும் அவருடைய கலைக்குள் தடையின்றிப் புகுந்துவிடும். மலேசியாவில் 61 ஆண்டாக நீடித்த ஆட்சியை 2018 மே 9 தேர்தல் மாற்றியதும், அதுவரை காதல் தோல்விக்குப் பாடிய அதே பாடலை மக்கள் எழுச்சிக்கு அர்ப்பணித்தார். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது முகநூல் நேரலையில் பாடி, வீட்டுக்குள் அடைபட்டிருந்த உறவினர்களின் தண்டனையை இரட்டிப்பாக்கினார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா மலேசியப் பொருள்களுக்கு 19 விழுக்காடு வரி விதித்தபோது, பாடலுக்கு முன்னுரையாக அவர் நிகழ்த்திய பொருளியல் உரை இவ்வாறு அமைந்தது: வரி உயர்ந்தால் ஏற்றுமதி குறையும், ஏற்றுமதி குறைந்தால் ஓவர்டைம் குறையும், ஓவர்டைம் குறைந்தால் ஒத்திகைக்கு நேரம் கிடைக்கும். குறைகடத்திகளுக்கு அப்போதைக்கு விலக்கு உண்டென்ற செய்தி இந்தத் தருக்கத்தை அசைக்கவில்லை.

துறைமுகம், ஆலை, வாடகைக் கார் என்று வேலைகள் மாறிக்கொண்டே போக, ஊதியம் தராத பாட்டு மட்டுமே மூன்று தலைமுறையாக இவ்வகையினரின் நிரந்தர உத்தியோகமாக நிலைத்திருக்கிறது. 2013இல் நடப்புக்கு வந்த சட்டம் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 என வரையறுத்துள்ளது; ஆயினும் அது தனியார்துறை ஊழியர்களுக்கே உரியது, மேடைப் பாடகரைக் கட்டுப்படுத்தாது என்பதைக் கெலுகோர் மக்கள் சற்றே அச்சத்துடன் அறிந்து வைத்திருக்கின்றனர்.