தனக்கென்று ஒரு மின்கம்பம்

ஜப்பானில் ஆடியோ பித்தர்கள் சிலர், தங்கள் வீட்டுக்கென்றே தனி மின்கம்பம் நட்டு, அதன் உச்சியில் சொந்த டிரான்ஸ்பார்மரும் ஏற்றிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு வாஷிங் மெஷினோடு ஒரே டிரான்ஸ்பார்மரைப் பகிர்ந்துகொண்டு பீத்தோவன் கேட்டால் தீட்டு! மேலே போகிற உயர் அழுத்தக் கம்பி மட்டும் ஊருக்கெல்லாம் பொது. அதற்கும் ஒருநாள் வழி பிறக்கும்.

கம்பம் நட இடமில்லாதவருக்கு ‘பவர் ரீஜெனரேட்டர்’ இருக்கிறது. வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்தை டிசியாக்கி, அதிலிருந்து புதிதாக ஏசி செய்து தரும். இத்தனை மடியாக வந்த மின்சாரத்தை ஆம்ப்ளிஃபயர் என்ன செய்கிறது? ரெக்டிஃபயரில் விட்டு மறுபடி டிசியாக்கி, கபாசிட்டரில் தேக்கிக்கொள்கிறது. அந்த வேலைக்குத்தானே அவை உள்ளேயே இருக்கின்றன.

இன்னொன்று: டோக்கியோவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகாவில் 60. எந்தக் கம்பம் நட்டாலும் அது மாறாது.

பூஜை முறைகளை எல்லாம் முடித்துவிட்டீர்களா? இனி பாட்டு கேட்கும் அறையின் வெற்றுச் சுவரில் கனமான திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டுக் கேளுங்கள். எதிரொலி குறைவது காதுக்கே தெரியும். மின்வாரிய அனுமதியும் வேண்டாம்.