கிளெய்ம் மாமா

மயிலாப்பூரில் ஒரு வீட்டில் மாவுக்கட்டு போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருகிறவர்கள் ஒரு ரகம். சாத்துக்குடியோடு வருகிறவர்கள் இன்னொரு ரகம். கையை வீசிக்கொண்டு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ஏ.ஆர். காப்பி வாங்கினேளா?" என்று கேட்கிறவர்தான் கிளெய்ம் மாமா. வலிக்கிறதா என்று கேட்க மாட்டார். வலிக்குச் சாட்சி இருக்கிறதா என்பதுதான் அவர் கவலை.

ஏதாவது ஒரு வங்கியிலோ ஏ.ஜி. ஆபீஸிலோ ஓய்வு பெற்றவர். காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நான்கு சுற்று. தி.நகரிலும் அடையாற்றிலும் இதே அச்சில் வேறு மாமாக்கள் உண்டு. வக்கீல் இல்லை, ஏஜெண்டும் இல்லை. மருத்துவமனை வாசலில் வக்காலத்துப் படிவத்தோடு நிற்கிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "வர்ற தொகையில வக்கீல் பங்கு பேசப்படாது. பார் கவுன்சில் விதியே இருக்கு!" என்பார். அவருடைய கட்டணம் ஒரு டபரா காபி, சர்க்கரை கம்மி.

எல்லா அடியும் அவரை அசைத்துவிடாது. தோண்டிப் போட்ட பள்ளத்தில் விழுந்தவனை அனுதாபத்தோடு பார்ப்பார், அவ்வளவுதான். "பள்ளத்துக்கு இன்சூரன்ஸ் ஏதுடா?" மாடு முட்டியவரிடம், "மாட்டுக்கு ஆர்.சி. புக் கிடையாதே" என்று உதட்டைப் பிதுக்குவார். இடித்தது ஒரு மோட்டார் வாகனம் என்று காதில் விழுந்தால்தான் முகம் மலரும். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், நஷ்டஈடு கேட்கும் 166ஆவது பிரிவு என்று ஆரம்பித்தால் காபி ஆறிப் போகும்.

முதல் பரிசோதனை, எலும்பு. சுளுக்கு என்றால் எழுந்துவிடுவார். எக்ஸ்ரேயில் மயிரிழை விரிசல் தெரிந்தால் போதும், "பேஷ்!" என்று தொடையைத் தட்டுவார். தன் தொடையைத்தான். எலும்பு தப்பிவிட்டதா? "எங்கே, பல்லைக் காட்டு." பல் உடைந்தாலும் சட்டத்தில் அது கொடுங்காயம்தான்.

இரண்டாவது பரிசோதனை, வாய். அவசரப் பிரிவில் டூட்டி டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டபோது என்ன சொன்னாய்? இங்கேதான் நம்மூர் நல்ல பிள்ளைகள் கோட்டை விடுவார்கள். இடித்த ஆட்டோக்காரர் பக்கத்திலேயே கண் கலங்க நிற்கிறாரே என்று, "ஒண்ணுமில்ல டாக்டர், லேசா விழுந்துட்டேன்" என்று சொல்லித் தொலைத்திருப்பார்கள். ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் தானாக விழுந்ததாக ஏறிவிடும். "முடிஞ்சுது. இனிமே பிரிவி கவுன்சில் போனாலும் அந்த ஒரு வரியைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் வாசிப்பான்" என்று மாமா தலையில் கை வைத்துக்கொள்வார்.

அடுத்தது மனுப் போடும் கெடு. 1994இல் எடுத்துவிட்ட ஆறு மாதக் கெடு 2019 திருத்தத்தில் திரும்பி வந்து, 2022 ஏப்ரல் முதல் தேதி அமலானதிலிருந்து, தெருவில் யார் என்றைக்கு அடிபட்டார்கள் என்பது அவர் பாம்புப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் குறித்திருக்கும்.

பிறகு வயது. ஜாதகத்தில் தசாபுக்தி பார்ப்பதுபோல, வருஷ வருமான இழப்பைப் பெருக்குகிற எண்ணை மாமா பார்ப்பார். 2009இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட அட்டவணை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இருபது வயதுக்கு 18, நாற்பதுக்கு 15, ஐம்பத்தைந்து வரை 11, ஐம்பத்தாறிலிருந்து 9. காலை நீட்டிப் படுத்திருந்த ஒருவரிடம், "அடுத்த மாசம் ஐம்பத்தாறு பொறக்கறதா? நல்ல காலம், இப்பவே அடிபட்டுண்டேள்" என்றார். படுத்திருந்தவரின் மனைவி உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஆனால் பொய் வழக்குக்கு மாமா துணை போக மாட்டார். இல்லாத வலியை உண்டாக்க மாட்டார். இருக்கிற வலியை வீணாக விடவும் மாட்டார். டாக்டர் 30 சதவீத ஊனம் என்று எழுதினால் வருமானத்திலும் 30 போய்விட்டது என்று அர்த்தமில்லை என்பதை 2010ஆம் வருஷத்து ராஜ்குமார் தீர்ப்பைச் சொல்லி விளக்குவார். கை போன டிரைவருக்குப் பிழைப்பே போயிற்று. கை போன சர்க்கார் குமாஸ்தாவுக்கு நாற்காலி அப்படியே இருக்கிறது. "நீ கம்ப்யூட்டர்ல உக்காந்திண்டிருக்கறவன். கணுக்கால் போனதுக்குச் சம்பளம் குறைஞ்சுதான்னு கேப்பா. அதனால மத்த தலைப்புகளைப் பாப்போம்."

அந்தத் தலைப்புகள்தான் அவருக்கு அல்வா. வலியும் வேதனையும், சத்தான உணவு, போக்குவரத்து, உடனிருந்து கவனித்தவர் செலவு, உடுப்புச் சேதம்.

"வேஷ்டி கிழிஞ்சுதா?"

"இல்ல மாமா, கொஞ்சம் அழுக்கு."

"துவைச்சுடாதே. சத்தா என்ன சாப்பிட்டே?"

"ரசஞ்சாதம்."

"ரசத்துக்கு பில் உண்டோ?"

வீட்டிலும் இதே பேச்சுதான். 2001இல் லதா வாத்வா வழக்கில், குடும்பத் தலைவி வீட்டில் செய்கிற வேலைக்கு மாதம் 3,000 ரூபாய் மதிப்புப் போட்டார்கள் என்று ஒரு நாள் பெருமையாகச் சொன்னார். மாமி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ எனக்கு வரவேண்டிய பாக்கி எவ்வளவு?" என்று கேட்டாள். மாமா அன்றைக்குத் தானே தட்டைக் கழுவினார்.

இத்தனை கேலிக்கும் நடுவில், குளத்தங்கரைப் பூக்காரம்மாவைப் பைக் இடித்தபோது மாமா செய்ததைச் சொல்லாவிட்டால் பாவம். "வுடு சாமி, அந்தப் பையனும் புள்ளகுட்டிக்காரன்" என்றாள் அந்த அம்மாள். மாமா தரையில் உட்கார்ந்து விளக்கினார்: "அவன் குடுக்கப் போறதில்லைம்மா. அவன் வருஷா வருஷம் பிரீமியம் கட்டற கம்பெனி குடுக்கப் போறது. அடிபடற மூணாம் மனுஷாளுக்குன்னே சட்டம் அதைக் கட்டாயமாக்கி வெச்சிருக்கு." சம்பளச் சீட்டுக்கு எங்கே போவது? ஒரு காய்கறி வியாபாரிக்குக் கணக்குப் புத்தகம் இல்லாமலேயே மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது அவர் நாக்கு நுனியில் இருந்தது. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறிக் கோட்டையில் இறங்கி, உயர் நீதிமன்ற வளாகத்துச் சிறு வழக்குகள் நீதிமன்றத்துக்கு அந்த அம்மாளைக் கூட்டிப் போனதும் அவர்தான். நஷ்டஈடு கேட்பதைச் சண்டை என்று நினைத்துக் கூச்சப்படும் ஊரில், அது வந்து சேரவேண்டிய காசு என்று உரக்கச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆள் கொஞ்சம் எரிச்சலூட்டினால்தான் என்ன?

அவரே ஒருமுறை அரசுப் பேருந்தில் அடிபட்டவர். பிற வண்டிகளுக்கு இருக்கிற இன்சூரன்ஸ் கட்டாயத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் விலக்குப் பெற முடியும். தீர்ப்புத் தொகையைத் தங்கள் கையிலிருந்தே கட்டவேண்டும். கட்டத் தாமதமானால் என்ன நடக்கும் என்பது தமிழ்நாட்டில் பேப்பர் படிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். தீர்ப்பு வந்தது, பணம் வரவில்லை, நிறைவேற்று மனு போட்டார், கோர்ட் அமீனா போய்ப் பேருந்தை ஜப்தி செய்துவிட்டார். மாமா தெருவெல்லாம் பாதாம் அல்வா கொடுத்தார்.

மறுநாள் காலை வழக்கமான நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நின்றும் பேருந்து வரவில்லை. அது நீதிமன்ற வளாகத்தில் வேப்ப மரத்தடியில் நிற்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. வேறு வழியில்லாமல் ஆட்டோ பிடித்தார். இறங்கும்போது, போக்குவரத்துத் தலைப்புக்கு வேண்டும் என்று ஓட்டுநரிடம் ரசீது கேட்டார். அதற்கு ஓட்டுநர் சொன்ன பதிலுக்கு மட்டும் எந்தத் தீர்ப்பாயமும் இன்றுவரை தொகை நிர்ணயிக்கவில்லை.