ஒரிஜினல் ஆமிச் சாமான்

போன செவ்வாய்க்கிழமை, புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரும் பஸ்ஸில் என் மானம் போனது. உயிரும் போயிருக்கக்கூடும். ஆனால் ஒரு வாரமாக நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்பது மானம்தான்.

என் போனில் காதோடு வைத்துக் கேட்கும் வசதி செத்து மூன்று மாதமாகிறது. திருத்தக் கொடுத்தால் புதுப் போன் விலை சொல்கிறார்கள். அதனால் யார் எடுத்தாலும் ஸ்பீக்கர்தான். மனைவி எடுத்தால் இரவைக்கு எங்கள் வீட்டில் என்ன கறி என்பது பஸ்ஸுக்கே தெரியும். பாலாவிச் சந்தியில் பஸ் கற்பிட்டிப் பாதைக்குத் திரும்பிய நேரம், மடியில் ஒரு பச்சைத் தகரப் பெட்டியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பெட்டியின் கதைக்குப் பிறகு வருகிறேன். போன் அடித்தது. ஸ்காபரோவில் இருக்கும் மச்சான், என் தங்கச்சியின் புருஷன். அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும். மனுஷன் தூங்காமல் எடுக்கிறானே, ஏதும் மௌத்துச் செய்தியோ என்று பதறி அமுக்கினேன்.

"மச்சான்! ரி-56 ஒண்டு எடுத்துட்டன்! நல்ல மலிவு! இன்னும் கிரீஸ் கூடத் தொடைக்கல்ல!"

கொண்டக்டர் மிச்சக்காசு எண்ணுவதை நிறுத்தினார். முன் சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த பெரியவரின் குறட்டை பாதியில் நின்றது. பக்கத்தில் இருந்த பெண் தன் மீன் பையைத் தூக்கி மறுபக்கம் வைத்துக்கொண்டார். நாறுகிற பையை என்னிடமிருந்து ஒருவர் காப்பாற்றியது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை. எல்லோரும் முதலில் என் தாடியைப் பார்த்தார்கள். பிறகு பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு மறுபடியும் தாடியை.

"சத்தமாப் பேசாதடா" என்றேன். அந்த நேரத்தில் வாயிலிருந்து வரக்கூடாத வசனம் ஒன்று இருந்ததென்றால் அது இதுதான்.

மச்சானைச் சொல்லிக் குற்றமில்லை, குற்றம் சீனாக்காரனுடையது. ரஷ்யாவின் ஏகே-47ஐப் பார்த்து ஒன்று செய்தான். அதற்கு ரைப் 56 என்று பெயர் வைத்தான். சிமொனோவ் என்ற ரஷ்யர் வரைந்த எஸ்கேஎஸ் துவக்கைப் பார்த்து இன்னொன்று செய்தான். அதற்கும் ரைப் 56 என்றே பெயர் வைத்தான். ஆர்பிடி என்ற இயந்திரத் துவக்கையும் பார்த்துச் செய்தான். அதன் பெயரை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். முதலாவதன் பெயரைத்தான் நாம் முப்பது வருஷம் காலைப் பேப்பரில் தேத்தண்ணியோடு சேர்த்துக் குடித்தோம். மச்சான் எடுத்திருப்பது இரண்டாவது: மரப்பிடி வைத்த, கிழட்டு, சர்ப்ளஸ் எஸ்கேஎஸ். கனடாவில் கோர்ஸ் படித்து, சோதனை பாஸ் பண்ணி, லைசன் எடுத்தவன் கடையில் வாங்கலாம். பத்துக் குண்டு கொள்ளும் அதன் பெட்டியில் ஐந்துக்கு மேல் போகாதபடி ஆணி அடித்துத்தான் விற்பார்கள். ஒரு காலத்தில் இருநூறு டொலருக்குக் கிடந்த சாமான், இப்போது இரண்டு மடங்குக்கு மேல். அதைத்தான் அவன் மலிவென்கிறான். 2020இலிருந்து அந்த அரசாங்கம் ஒவ்வொரு பட்டியலாகத் துவக்குகளைத் தடைசெய்து வர, ஒவ்வொரு பட்டியலுக்கும் இவனுக்குப் பிரஷர் ஏறுகிறது. ஏறின பிரஷருக்கு மருந்தாக இன்னொன்று வாங்குகிறான்.

இந்த வியாதியை உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உங்கள் கட்டிலுக்குக் கீழேயும் ஒன்று கிடக்கிறது. பாரசூட் துணி என்று ஒருவன் சொல்லி விற்றது, நேவிக் கயிறு என்று இன்னொருவன் சத்தியம் பண்ணி விற்றது. மலிவான துவக்கு ஏன் மலிவே இல்லை என்பதற்கு என்னிடம் ஒரு அருமையான கணக்கு இருக்கிறது. கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பெட்டி. பாலாவிக்கு அப்பால் ஓரிடத்தில் பஸ்ஸை மறித்தார்கள். வழக்கமாக மறிப்பதா, யாராவது கண் காட்டினார்களா, தெரியாது. கொண்டக்டர் அன்றைக்குப் பூரா என் பக்கம் திரும்பவில்லை. பொலிஸ்காரர் ஒருவர் ஏறி நேரே என்னிடம் வந்தார். நடுத்தர வயது, அமைதியான முகம். பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே தூண்டில் முள், நைலோன் நூல், அரை இறாத்தல் வெங்காயம். மூடச் சொன்னார். மூடினேன். பெட்டியைக் கையில் வாங்கி மூடியின் கீலைப் பார்த்தார், ரப்பர் விளிம்பை நகத்தால் நெம்பினார், பக்கத்தில் மஞ்சளில் அடித்திருந்த எழுத்தைத் தடவினார். மஞ்சள் விரலில் ஒட்டியது.

"எவ்வளவுக்கு எடுத்தீங்க?"

"இரண்டாயிரத்து ஐந்நூறு, சேர். ஒரிஜினல் குண்டுப் பெட்டி. பழைய இரும்புக் கடையில..."

"நான் பதினாறு வருஷம் ஆமியில இருந்தவன்" என்றார் நல்ல தமிழில். "இது டூல்ஸ் பெட்டி. ஹாட்வெயார்ல தொளாயிரம் ரூபா. யாரோ பச்சை அடிச்சுத் தந்திருக்கான்."

பஸ் சிரித்தது. மீன் பைப் பெண் பையைப் பழையபடி என் பக்கமே வைத்தார். என்னை ஒரு ஆபத்தான மனுஷனாக நினைத்த சனம், ஐந்து நிமிஷத்தில் ஒரு ஏமாளியாக நினைத்து மன்னித்துவிட்டது. சொன்னால் வெட்கம்: எனக்கு முதலாவது மரியாதைதான் பிடித்திருந்தது.

இந்த நாட்டில் துவக்குச் சேர்ப்பது நடக்காத காரியம். 1916ஆம் வருஷத்து 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வருஷா வருஷம் லைசன் புதுப்பிக்க வேண்டும். பன்றிக்கும் குரங்குக்கும் எதிராகத் தோட்டக்காரனுக்கு ஒரு சொட்கன் கிடைப்பதற்குள் பன்றி பேரன் பேத்தி எடுத்துவிடும். ஆகவே என்னைப் போன்றவர்கள் துவக்கைச் சுற்றியுள்ள சாமான்களைச் சேர்க்கிறோம்: பெட்டி, பை, போத்தல், தகடு. துவக்கை மச்சானின் வீடியோவில் பார்க்கிறோம். ரஷ்யாவின் மொசின் நாகான் அமெரிக்காவில் நூறு டொலருக்குள் விற்ற காலத்தைப் பற்றி அவன் பேசும்போது, எங்கள் பெரியவர்கள் ஒரு சதத்துக்குப் பணிஸ் வாங்கிய காலத்தைப் பேசுகிற அதே குரல். அவனுடைய அடுத்த கனவு ஒரு த்ரீ-நொட்-த்ரீ. எங்கள் சின்ன வயதில் பொலிஸ்காரர் தோளில் தொங்கியதே, அதே லீ என்ஃபீல்ட். கனடாவின் வடதுருவப் பக்கத்து ரேஞ்சர்கள் 2018 வரைக்கும் அதைத்தான் தூக்கித் திரிந்தார்கள், குளிரிலும் இறுகாதென்று. புத்தளத்து உப்புக் காற்றில் என்ன ஆகுமென்று அவனிடம் கேட்டேன். கிரீஸ் போட வேண்டுமென்றான். எல்லாக் கேள்விக்கும் அவனிடம் கிரீஸ்தான் பதில்.

துவக்கு இல்லாவிட்டால் என்ன, என்னிடம் தகடு இருக்கிறது.

இந்தத் தகட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படைக்குப் புத்தளத்தில் ஒரு விமானத்தளம் இருந்தது. தரையில்தான் இருந்தது, ஆனாலும் கப்பல் மாதிரிப் பெயர் வைத்திருந்தார்கள்: எச்.எம்.எஸ். ராஜாலிய. அமெரிக்கா கடனாகக் கொடுத்த கோர்செயார் விமானங்கள் அங்கே நின்றன. யானை ஒன்று கோர்செயாரைக் கட்டி இழுக்கிற படம் உலகப் பிரசித்தம். போர் முடிய தளம் மூடியது, சாமான் சிதறியது. என் வாப்பாவின் வாப்பா ஒரு இரும்புத் தகட்டோடு வீட்டுக்கு வந்தார். விமான ஓடுபாதைக்கு மணலில் விரிக்கிற, ஓட்டை ஓட்டையாகப் போட்ட தகடு. அமெரிக்காவில் வட கரோலினாவில் மார்ஸ்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் முதலில் விரித்துப் பார்த்ததால் மார்ஸ்டன் தகடு என்பார்கள். அவர் அதைத் தளத்தில் எடுத்தார் என்பது வாப்பா கட்சி. கொழும்பில் ஏலத்தில் எடுத்தார் என்பது மாமி கட்சி. எடுத்தார் என்ற சொல்லுக்கு வாப்பா எப்போதும் ஒரு சின்ன இடைவெளி விடுவார்.

ஒரிஜினல் மார்ஸ்டன் தகடு பத்தடி நீளம், பதினைந்து அங்குல அகலம், அறுபத்தாறு இறாத்தல் எடை. ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் அந்தக் கொக்கி நுழையும் வாய். ஓட்டை எண்பத்தேழு. மூன்று வரிசை, வரிசைக்கு இருபத்தொன்பது. எண்பத்தாறு இருந்தால் அது மார்ஸ்டன் இல்லை. எண்பத்தெட்டு இருந்தால் யாரோ ஒன்று கூடப் போட்டிருக்கிறான். இதை அறிந்த நாளிலிருந்து என் வீட்டில் நிம்மதி இல்லை. நான் எண்ணியபோது எண்பத்து நான்கு. மகன் எண்ணியபோது எண்பத்தொன்பது. அவன் கணக்கில் எப்போதுமே தாராளம். சோக்கட்டியால் ஒவ்வொரு ஓட்டைக்கும் புள்ளி வைத்து எண்ணினேன். எண்பத்தாறு வருகிறபோது மழை வந்தது. தேசிக்காய் ஒவ்வொன்றாக ஓட்டையில் போட்டு எண்ணலாமென்று பார்த்தேன். தேசிக்காய் கிலோ என்ன விலையென்று மனைவி கேட்டாள், அந்த ஆராய்ச்சி அதோடு முடிந்தது. இடது மூலையில் துரு தின்று இரண்டு ஓட்டை ஒன்றாகிவிட்டது. அதை ஒன்றென்று எண்ணுவதா இரண்டென்றா? நடுவில் ஒன்றை வாப்பா ஏதோ கம்பி கட்ட ஈயம் ஊற்றி அடைத்திருக்கிறார். அடைத்த ஓட்டை ஓட்டையா? பள்ளிவாசலில் ஒரு பெரியவரிடம் பொதுவான கேள்வி மாதிரிக் கேட்டேன். தொழுகைக்குப் பிறகு பேசுவோம் என்றவர், இன்றுவரை என்னைக் கண்டால் மற்ற வாசலால் போகிறார். இரும்பில் எண்பத்தேழு என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்த 2022 ஆகஸ்டில்தான் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. போட் வைத்திருக்கிற அயல்வீட்டு நானா என் முற்றத்தில் வந்து நின்று, "இஞ்ச இன்னும் எம்பத்தேழா? குடுத்துவச்சவன்" என்றார். கடைசியாகப் போன நோன்பு காலத்தில் விடியச்சாமம் டோர்ச் வெளிச்சத்தில் எண்ணினேன். எண்பத்தேழு. யாரையாவது எழுப்பிக் காட்டலாமென்றால் எழுப்பினால் அடிப்பார்கள். இரண்டாம் தரம் எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை.

உம்மாவுக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. அவருக்கு அது கருவாடு காயப்போடுகிற தட்டு. கீழாலும் காற்றுப் போகும், நெத்தலி ஒரே வெயிலில் காயும். எண்பது வருஷமாக எங்கள் வீட்டில் ஒழுங்காக வேலை செய்கிற ஒரே சர்ப்ளஸ் சாமான் அதுதான்.

மற்றவை போய்விட்டன. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, வாள் கத்தியையும் படையினர் உடுப்பு மாதிரியான துணிமணியையும் ஒப்படைக்கச் சொல்லி பொலிஸ் அறிவித்தது. எங்கள் மாவட்டத்தில் வெடிமருந்து பிடிபட்ட வனாத்தவில்லு என்ற பெயரைக் கேட்டாலே சனம் கதவைச் சாத்திய காலம். என்னிடம் ஒரு பச்சை மழைக்கோட்டு, ஒரு சோடி சப்பாத்து, கான்வஸ் உறை போட்ட ஒரு தண்ணீர்ப் போத்தல். ஒப்படைக்கப் போனால் எங்கே எடுத்தாயென்று கேட்பார்கள். எடுத்தேன் என்ற சொல்லுக்கு நானும் வாப்பா மாதிரி இடைவெளி விட வேண்டி வரும். இரவு பன்னிரண்டு மணிக்குக் களப்புக்குக் கொண்டுபோனேன். சப்பாத்து தாண்டது. மழைக்கோட்டுக்குள் கல்லைச் சுற்றினேன், அதுவும் தாண்டது. போத்தலின் மூடியைத் திறந்துவிட மறந்துபோனேன். சுபஹுக்குப் பிறகு அயல்வீட்டுப் பொடியன் வாசலில் நின்றான்.

"மாமா, ஒங்கட போத்தல் கரையில கெடந்திச்சு. ஒங்கட பேர் போட்டிருக்கு."

பேரை ஆணியால் கீறியிருந்தவன் நான்தான். சாமானைத் தண்ணீரில் தள்ளிக் கைகழுவப் பார்த்தது நான் மட்டுமல்ல, பிரிட்டிஷ்காரனும் செய்திருக்கிறான். கடன் விமானங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லது காசு கட்ட வேண்டும் என்பது அமெரிக்காவின் நிபந்தனை. போர் முடிந்ததும் ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால், கப்பல் தட்டிலிருந்து கோர்செயார்களைத் தள்ளிக் கடலில் விட்டார்கள். அவர்களுடையது மிதந்து கரைக்கு வரவில்லை. அதிர்ஷ்டக்காரர்கள்.

எனக்கு எரிகிற இடம் வேறு. அதே தாடி, அதே தொப்பி, அதே பெயரின் முதல் பாதி. ஸ்காபரோவில் அது கடையில் நின்று பேரம் பேசித் துவக்கு வாங்குகிறது. இங்கே ஓர் இலக்கத்தைப் பஸ்ஸில் கேட்டதற்கே அதற்கு வேர்க்கிறது. கற்பிட்டிக் கோட்டையைப் பாருங்கள்: டச்சுக்காரன் 1667இல் தொடங்கிக் கட்டியது, பிரிட்டிஷ்காரன் எடுத்தது, இப்போது நேவி இருக்கிறது. மூன்றாம் கைச் சாமான். அதை யாரும் இறக்கி வைத்துச் சோதிப்பதில்லை.

மச்சான் மறுநாளும் எடுத்தான். கிரீஸ் போகவில்லையாம். கொதிதண்ணீர் ஊற்றினானாம், கறுப்புப் பையில் சுற்றிக் கார்க் கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் வைத்தானாம், இன்னும் மரத்திலிருந்து ஊறி வருகிறதாம், தங்கச்சி இரண்டு நாளாகப் பேசவில்லையாம். கற்பிட்டி வெயிலில் உம்மாவின் தட்டில் நெத்தலிக்குப் பக்கத்தில் போட்டால் மத்தியானத்துக்குள் உருகிவிடும் என்றேன். சிரித்தான். மலிவு எப்படிக் கடைசியில் மலிவில்லாமல் போகிறது என்ற கணக்கை அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன். போனில் சார்ஜ் முடிந்தது.

தகடு முற்றத்தில்தான் கிடக்கிறது. எண்பத்தேழா என்று சந்தேகமுள்ளவர்கள் கற்பிட்டிக்கு வந்து எண்ணிப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமைகளில் கருவாடு இராது. வரும்போது பஸ்ஸில் போனைச் சைலண்டில் போட்டுக்கொள்ளுங்கள்.