என்னே உங்கள் சமநோக்கு!

பல்கலைக்கழக மானியக் குழுவின் பெரியோரே, அந்தக் குழுவின் விதிப்படி முனைவர் பட்டச் சேர்க்கை நடத்தும் அரசுப் பல்கலைக்கழகத் தேர்வுக் குழுவினரே! எல்லாரையும் ஒரே கண்ணால் பார்ப்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. டெல்லியில் பேராசிரியர் வீட்டில் பிறந்த பிள்ளைக்கும், சேலம் இளம்பிள்ளையில் விசைத்தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எம்.ஏ. வரலாறு முடித்த பெண்ணுக்கும் ஒரே நெட் (தேசியத் தகுதித்) தேர்வு. அதே 150 கேள்வி, அதே மூன்று மணி நேரம். ஓரவஞ்சனை என்ற பேச்சுக்கே இடமில்லை.

இளம்பிள்ளையில் அவள் எப்படிப் படிக்கிறாள் என்பது உங்கள் கண்ணில் படாததும் அந்தச் சமநோக்கின் பெருமைதான். வீட்டுக்குள்ளேயே இரண்டு தறி ஓடும். பேச வேண்டுமென்றால் கத்தித்தான் பேச வேண்டும். பாவில் இழை அறுந்தால் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய், தறியை நிறுத்தி, முடிபோட்டு, மறுபடி ஓடவிட்டு வருவாள். விட்ட வரியைத் தேடிப்பிடிப்பாள். இரவு கரண்ட் போனால்தான் வீடு அமைதியாகும்; அப்போது படிக்க வெளிச்சம் இருக்காது.

மொழி விஷயத்தில் உங்கள் தாராளத்தைச் சொல்லி மாளாது. கேள்வித்தாள் ஒன்றுக்கு இரண்டு மொழியில் வருகிறது: ஆங்கிலம், இந்தி. இந்தி வீட்டுப் பிள்ளை தாய்மொழியில் படித்துப் புரிந்துகொண்டு விடை குறிக்கலாம். இவளோ அரசுக் கல்லூரியில் ஐந்து ஆண்டும் வரலாற்றைத் தமிழில் படித்துத் தமிழில் எழுதியவள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் முன்னுரிமை என்று 2010-இல் சட்டம் போட்ட மாநிலம் இது. ஜமீன்தாரி முறையைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள், நிறுத்தாமல் அரை மணி நேரம் சொல்வாள். அதையே கூற்று, காரணம் என்று ஆங்கிலத்தில் நாலு வரிக்குச் சுற்றிவளைத்தால், கேள்வி பிடிபடுவதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. அவளுக்கு வரலாறு தெரியாது என்று மதிப்பெண் சொல்லும். என்ன துல்லியமான அளவுகோல்!

கருணைக்கும் குறைவில்லை. 2024 ஜூன் தேர்வுக்குப் பொதுப்பிரிவினருக்கு 1150 ரூபாய் வாங்கிய நீங்கள், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 600 ஆகவும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 325 ஆகவும் குறைத்தீர்கள். அந்த 600 ரூபாய்ப் பிரிவில் சேர மாநிலச் சாதிச் சான்றிதழ் போதாது. கிரீமி லேயரில் இல்லை என்று மத்திய அரசுப் படிவத்தில் தாசில்தார் தரும் தனிச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையம், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று நடக்கும் நாளில் தறி ஓடாது, கூலி வராது. அவ்வளவும் செய்து ஜூன் 18 அன்று 9 லட்சம் பேர் எழுதிய தேர்வை மறுநாளே மத்தியக் கல்வி அமைச்சகம் ரத்து செய்ததே, அந்த வேகத்தை வேறெதிலும் பார்த்ததில்லை.

இனி நேர்முகத் தேர்வு. முனைவர் பட்டச் சேர்க்கைக்கான 2016 விதியில், எழுத்துத் தேர்வில் தேறினால் போதும், இடம் யாருக்கு என்பதை நேர்முகமே முடிவு செய்யும் என்று வைத்தீர்கள். எதிர்ப்பு வலுத்தபின் 2018-இல் நேர்முகத்தின் பங்கை 30 சதவீதமாக இறக்கினீர்கள். “அப்பா என்னம்மா பண்றாரு?” என்ற ஒரே கேள்வியில் ஆராய்ச்சித் திறமையை எடைபோட்டுவிடும் கூர்மை எத்தனை பேருக்கு வாய்க்கும்? பின்தங்கிய மாவட்டத்தாருக்கும் பெண்களுக்கும் கூடுதல் மதிப்பெண் தந்து வந்த டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் (ஜே.என்.யூ.), 2016 விதியைக் காட்டி ஆய்வுப் படிப்பில் அதை எடுத்துவிட்டது. சமத்துவத்தில் அவ்வளவு கண்டிப்பு.

அந்த ஜே.என்.யூ.வில் பலமுறை முயன்று சேர்ந்தவர் சேலத்துப் பிள்ளை முத்துக்கிருஷ்ணன், தலித் மாணவர். எம்.பில்., பிஎச்.டி. சேர்க்கையில் சமத்துவம் இல்லை, வாய்மொழித் தேர்விலும் இல்லை என்று 2017 மார்ச்சில் முகநூலில் எழுதினார். அதே மாதம் இறந்துபோனார். இந்த இடத்தில் உங்களைப் புகழ எனக்கு வாய் வரவில்லை.

சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்காகப் பெரியார் பெயரில் 1997-இல் ஒரு பல்கலைக்கழகம் வந்தது. 69 சதவீத இடஒதுக்கீட்டால் முதுகலை வகுப்பு வரை நெசவாளர் மகளும் மலைக்கிராமத்துப் பையனும் ஒரே பெஞ்சில் உட்கார முடிகிறது. அதற்கு மேல் முனைவர் பட்டத்துக்குப் போக, ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு கிடைக்க வேண்டும். பேராசிரியருக்கு 8 பேர், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 என்று அளந்து வைத்திருக்கிறீர்கள். யாரிடம் இடம் காலி என்பது, துறைக்குள் ஆள் பழக்கம் உள்ளவருக்கு முதலில் தெரியும். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறியவளுக்குக் கடைசியில் தெரியும், நிரம்பிய பிறகு.

ஐயா, கேள்வித்தாளைத் தமிழிலும் கொடுங்கள். நேர்முகத்தில் யாருக்கு எத்தனை மதிப்பெண், எதற்காக என்று எழுதி ஒட்டுங்கள். எந்தக் கைடிடம் எத்தனை இடம் காலி என்பதை விண்ணப்பம் தொடங்கும் முன்பே அறிவியுங்கள். சேர்ந்தவர்கள் எந்த மாவட்டம், எந்தச் சமூகம், அவர்களில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எத்தனை பேர் என்ற கணக்கை ஆண்டுதோறும் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.